கட்ச் கான் வாங்குவதற்கு முன் ஒரு கடதாசித் துண்டு

2018-இல் நான் வாங்கிய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ், 2015-ஆம் ஆண்டு வண்டி. ஏற்கெனவே 58,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. 2 லீற்றர் டர்போ எஞ்சின், 268 குதிரைவலு, ஆறு கியர் மனுவல். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வண்டி என்பதால், வாங்கிய முதல் மாதம் வேலை முடிந்து வந்து பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதே எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படி ஒருநாள் காற்று வடிகட்டியை மாற்றும்போது, டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறி) போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். விரல் ஒயிலோடு வந்தது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. கரி அப்பி அரைவாசி அடைபட்ட வால்வுகளின் படங்கள், கட்ச் கானிலிருந்து (எஞ்சினிலிருந்து வரும் வாயுவில் கலந்த ஒயிலைப் பிடித்து வைக்கும் சின்னத் தாங்கி) கோப்பி நிறத்தில் ஏதோ ஊற்றும் காணொளிகள் என்று விடியும்வரை பார்த்தேன். காலையில் 85 டொலருக்கு ஒரு கானை ஓடர் பண்ணிவிட்டேன். அந்த ஒயில் எவ்வளவு, ஏன் வந்தது, எந்த வழியால் வந்தது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மூன்று கேள்விகளையும் ஒழுங்காகக் கேட்டு முடிக்க எனக்கு இரண்டு வருடமும் ஆயிரத்துச் சொச்சம் டொலரும் போயின. இப்போது கான் வாங்க யோசிக்கிறவர்கள் அந்தக் காசையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்பதைப் பார்ப்போம். பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு எரிதலின்போதும் கொஞ்ச வாயு அவற்றைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். இதை புளோ-பை என்பார்கள். அதில் எரியாத பெற்றோல் ஆவியும் நீராவியும் இருக்கும். கீழே சுழன்றுகொண்டிருக்கும் ஒயிலின் பனித்துளி போன்ற துகள்களும் அதோடு கலந்துவிடும். இந்த வாயு வெளியேறாவிட்டால் எஞ்சினின் வயிற்றில் அழுத்தம் ஏறி, சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒயில் ஒழுகும். முற்காலத்தில் ஒரு குழாய் வைத்து வீதியிலேயே விட்டுவிடுவார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, 1961 மாடல் வண்டிகளிலிருந்து கலிபோர்னியாவில் அதைத் திரும்ப எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு வந்தது. இன்றைக்கு எந்தப் பெற்றோல் வண்டியைத் திறந்தாலும் ஏதோ ஒரு வடிவத்தில் அது இருக்கும்.

டர்போ வண்டியில் அந்த வாயுவுக்கு இரண்டு வழிகள் உண்டு. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மெதுவாக ஓடும்போது, சிக்னலில் நிற்கும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மனிபோல்டில் வெற்றிடம் இருக்கும். அது பி.சி.வி. வால்வு வழியாக வாயுவை நேராக வால்வுகளின் பக்கம் உறிஞ்சும். அக்சிலரேட்டரை மிதித்து டர்போ ஊதத் தொடங்கியதும் மனிபோல்டில் அழுத்தம் ஏறும், பி.சி.வி. வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு சிலிண்டர் தலைகளின் மூடிகளில் இருக்கும் பிரீதர் குழாய்கள் வழியாக, டர்போவுக்கு முன்னால் இருக்கும் ஹோஸுக்குப் போகும். என் விரலில் பட்ட ஒயில் இந்த இரண்டாவது வழியால் வந்தது. நான் பயந்ததோ முதலாவது வழியால் வரும் கரிக்கு. நான் அப்போது இரண்டையும் ஒன்றாகவே நினைத்தேன்.

கரி ஏன் என் வண்டியில் இருப்பதுபோன்ற டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் பெரிய பேச்சு என்றால், பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. பழைய முறையில் இன்ஜெக்டர் இன்டேக் வால்வின் முதுகில் பெற்றோலைத் தெளிக்கும், அது வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் அந்தக் கழுவல் இல்லை. ஒயில் துளி சூடான வால்வில் பட்டு வெந்து, படை படையாகக் கட்டிக்கொள்ளும். இது உற்பத்தியாளர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. போர்ட் 2017 எஃப்-150-இல் போட்ட இரண்டாம் தலைமுறை 3.5 இகோபூஸ்ட் எஞ்சினுக்கு இரண்டு வகை இன்ஜெக்டரும் உண்டு. டொயோட்டா 86 வண்டியிலும் அப்படித்தான். என் வண்டியில் இல்லை.

சரி, கான் வந்தது. பார்க்க அழகான நீல நிற அலுமினியம். பி.சி.வி. வழியில் இணைத்தேன். இணைப்புக்கு வன்பொருள் கடையில் கிடைத்த ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போட்டேன். அது முதல் பிழை. ஹீட்டர் ஹோஸ் கூலன்டுக்குச் செய்தது, ஒயில் பட்டால் உப்பி, மெத்தென்று ஆகி, உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்தில் எனக்கு அது நடந்தது. ஒயிலுக்கும் பெற்றோலுக்கும் தாங்கும் என்று மேலே அச்சடித்த ஹோஸைத்தான் வாங்க வேண்டும். உள்விட்டமும் கொம்பனி போட்ட குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. வாயு மூச்சுவிடும் வழியை நாமே நெரித்தால், எந்தப் பிரச்சினைக்குப் பயந்தோமோ அதைவிடப் பெரிய பிரச்சினையை வாங்கிக்கொள்கிறோம்.

இரண்டு மாதம் கழித்துக் கானைக் கழற்றினேன். அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் குறைவாக, பால்தேநீர் நிறத்தில் ஒரு திரவம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவ்வளவும் வால்வில் போய் ஒட்டியிருக்குமே என்று கூட்டாளிகளுக்கெல்லாம் படம் அனுப்பினேன். அந்தத் திரவத்தை ஒரு கண்ணாடி ஜாம் போத்தலில் ஊற்றி கராஜ் தட்டில் வைத்துவிட்டு மறந்துபோனேன். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் அது தானாகவே பிரிந்திருந்தது. அடியில் முக்கால் பங்குக்கு மேல் கலங்கல் தண்ணீர். மேலே மெல்லிய ஒரு படை ஒயில், மூடியைத் திறந்தால் பெற்றோல் மணம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது என்பதைப் பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். அதில் சிறு பங்கு வளையங்களைத் தாண்டி இறங்கி, குளிர்ந்த கானின் சுவரில் தண்ணீராக மாறுகிறது. கானுக்குள் நிறைய இருந்தது என்பதற்காக வால்வுகள் தப்பின என்று அர்த்தமில்லை. அந்தத் தண்ணீர், கான் இல்லாவிட்டால், ஆவியாகவே உள்ளே போய் எக்ஸோஸ்ட் புகையோடு வெளியேறியிருக்கும்.

கான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கானின் வயிறு இல்லை, அதிலிருந்து வெளியே போகும் ஹோஸ். உள்ளே வரும் ஹோஸிலும் வெளியே போகும் ஹோஸிலும் ஒரு வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்துப் பார்த்தேன். இரண்டு துணியும் ஒரே மாதிரி நனைந்திருந்தன. பிறகு கானைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் டப்பா. நல்ல கானில் வாயு திசை மாறித் திரும்பும்படி தடுப்புகளும், துளிகள் ஒட்டிச் சேரும் வலையும் இருக்கும். துளி கனமானது, வாயு திரும்பும்போது அதனால் சட்டென்று திரும்ப முடியாது, சுவரில் மோதி வடியும். வெறும் டப்பாவில் வாயு ஒரு வாசலால் வந்து மற்ற வாசலால் போய்விடும். சிலர் உள்ளே பாத்திரம் தேய்க்கும் இரும்புப் பஞ்சைத் திணிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மெல்லிய நார்கள் முறிந்து எஞ்சினுக்குள் போனால் சிலிண்டர் சுவர் கீறுப்படும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் கானைக் கழற்றவில்லை. போட்டாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அதற்குத்தான் குளிர்காலம் பாடம் படிப்பித்தது.

ஸ்காபரோவிலிருந்து மார்க்கமில் இருந்த என் வேலைக்கு ஏழு கிலோமீற்றர். கோடையில் பரவாயில்லை. ஜனவரியில் ரொறன்ரோ குளிரில் எஞ்சின் ஒயில் சூடாகும் முன்பே வேலைத்தலம் வந்துவிடும். எட்டு மணித்தியாலம் வண்டி பனியில் நிற்கும், திரும்ப ஏழு கிலோமீற்றர். நான் கானைப் பொருத்தியிருந்த இடமோ ரேடியேட்டருக்குப் பக்கத்தில், கிரில் வழியாக வரும் காற்று நேரே அடிக்கும் இடம். கோடையில் நன்றாகக் குளிரும் என்று நானே தேர்ந்தெடுத்த இடம் அது. மைனஸ் 20-க்குக் கீழே போன ஒரு கிழமையில், வெள்ளிக்கிழமை மாலை நெடுஞ்சாலைக்கு ஏறியதும் எரிந்த ஒயில் மணம் வந்தது. ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்தேன். ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் அதன் குழாயிலிருந்து மேலெழும்பி நின்றது. சுற்றிலும் ஒயில் தெறித்திருந்தது. கானுக்குப் போகும் ஹோஸ் கம்பு போல விறைத்திருந்தது. உள்ளே பால்தேநீர் நிறத்தில் பனிக்கட்டி.

வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி, எனக்குத் தெரிந்த ஒரு அண்ணையின் கராஜுக்குக் கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் லொறி எஞ்சின் கட்டிப் பழகி, இங்கே முப்பது வருடமாகக் கார் திருத்துபவர். அதிகம் கதைக்க மாட்டார். கானைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதை என்னத்துக்குப் போட்டனீர்?"

"ஹோஸுக்குள்ள ஒயில் கிடந்தது அண்ணை."

"எவ்வளவு?"

"விரல் நனையிற அளவு."

"ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு ஒயில் குறையுது?"

எனக்குத் தெரியாது. அளந்ததே இல்லை.

"எவ்வளவு ஒயில் குடிக்குதெண்டு தெரியாமல் ஒயில் பிடிக்கிற டப்பா போட்டா எப்பிடி? முதல்ல எஞ்சினை அளந்து பார்ப்பம். பிறகு டப்பாவைப் பற்றிக் கதைப்பம்."

அந்த வாரம் அவர் செய்து காட்டியவற்றை இன்றைக்கும் யார் கேட்டாலும் அதே ஒழுங்கில் சொல்கிறேன். கானைக் கழற்றி, கொம்பனிக் குழாய்களைத் திரும்பப் பூட்டினார். பி.சி.வி. வால்வைக் கழற்றிக் கையில் குலுக்கினார், சத்தம் மந்தமாக இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த வால்வு. புதிது இருபது டொலர் சொச்சம். இந்தச் சின்ன வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டால் டர்போவின் அழுத்தம் பின்பக்கமாக எஞ்சின் வயிற்றுக்குள் போகும், பிரீதர் வழியே ஒயிலைத் தள்ளும். ஹோஸில் நான் கண்ட ஒயிலில் ஒரு பங்கு அதனாலேயே வந்திருக்கலாம் என்றார். 85 டொலர் கானுக்கு முன் நான் வாங்கியிருக்க வேண்டியது அந்த வால்வை.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஐட்லில் விட்டு, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய் மேல் ஒரு கடதாசித் துண்டை வைத்தார். கடதாசி மெல்ல உள்நோக்கி ஒட்டிக்கொண்டது. மூடியைத் திறந்ததும் எஞ்சின் ஓட்டம் கொஞ்சம் தடுமாறும், அது இயல்பு. கடதாசி உள்ளே இழுபட்டால் வயிற்றில் வெற்றிடம் இருக்கிறது, காற்றோட்டம் வேலை செய்கிறது. கடதாசி மேலே எழும்பிப் பறந்தால், வளையம் தேய்ந்திருக்கிறது அல்லது வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. இது ஆய்வுகூடப் பரிசோதனை இல்லைதான். ஆனால் ஒரு சதம் செலவில்லாமல், ஐந்து நிமிடத்தில், வீட்டு வாசலில் செய்துவிடலாம்.

அடுத்தது லீக்-டவுன் பரிசோதனை. என் வண்டியில் இருப்பது, சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்துக் கிடக்கும் பொக்ஸர் எஞ்சின். அதில் பிளக்குகள் வண்டியின் பக்கச் சுவரைப் பார்த்தபடி இருப்பதால், அவற்றைக் கழற்றுவதற்கே கை தோலுரியும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனை மேலுச்சியில் நிறுத்தி, 100 பி.எஸ்.ஐ. காற்றை உள்ளே விட்டு, எத்தனை வீதம் கசிகிறது என்று மானியில் பார்ப்பது. எனக்கு நான்கிலும் 6 முதல் 9 வீதம் வரைதான். எண்ணைவிட முக்கியம், காற்று எங்கே சீறுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பது. ஒயில் மூடியில் சீறினால் வளையம். சைலன்சரில் சீறினால் எக்ஸோஸ்ட் வால்வு. காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. தேய்ந்த வளையத்துக்குக் கட்ச் கான் போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது போலத்தான். வாளி நிறைந்துகொண்டே இருக்கும், கூரை அப்படியே இருக்கும்.

கடைசியாக, மனிபோல்டைக் கழற்றி வால்வுகளைக் கமெராவில் பார்த்தோம். அப்போது வண்டி 80,000 கிலோமீற்றர் தாண்டியிருந்தது. நான் பயந்தபடி கரிக்குகை ஒன்றும் இல்லை. பழுப்பாக ஒரு படை இருந்தது, சில இடங்களில் கொஞ்சம் தடிப்பு. கழற்றியதோடு கழற்றியதாக வால்நட் ஓட்டுத் தூளைப் பீச்சிச் சுத்தம் செய்துவிட்டோம். அதற்கு எனக்கு 550 டொலர். 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இந்தச் செலவு என்றால், நல்ல கானும் அதைப் பராமரிக்கும் நேரமும் உண்மையில் மலிவா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கணக்குப் பார்த்தேன். என் ஓட்டத்துக்கு மலிவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் கானே இல்லாமல் ஓடினேன். ஒவ்வொரு ஞாயிறும் சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதினேன். 6,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினேன். நல்ல ஒயிலுக்குக் காசு கொடுக்கவும் பழகினேன். டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், குறைந்த ஆர்.பி.எம்.மில் பெரிய கியரில் மிதிக்கும்போது, ஒயில் துளி ஒன்று பிளக் தீப்பொறிக்கு முன்பே தீப்பிடித்து பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. எல்.எஸ்.பி.ஐ. என்பார்கள். ஒயிலில் சேர்க்கும் கல்சியம் அதைத் தூண்டும் என்று கண்டுபிடித்து, அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான ஏ.பி.ஐ.யின் ஒயில் தரங்களில் 2018-இல் எஸ்.என். பிளஸ், 2020-இல் எஸ்.பி. என்ற தரங்களைக் கொண்டுவந்தார்கள். போத்தலின் பின்பக்க வட்டத்தில் எஸ்.பி. என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, கான் போடுவதைவிட முதலில் செய்ய வேண்டியது. நாலாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் அழுத்தி மிதிப்பதை விடுவதும் அப்படித்தான். அதற்குக் காசே வேண்டாம்.

அந்த வருடம் கொப்பி சொன்னது, 2,000 கிலோமீற்றருக்கு நூறு மில்லிலீற்றர் அளவு குறைவு. இந்த வகை எஞ்சினுக்கு அது ஒன்றுமே இல்லை. வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் ஓடும் வண்டிக்குக் கான் தேவையில்லை என்று முடிவெடுத்தேன். கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் நான் ட்ராக்குக்குப் போகத் தொடங்கினேன்.

போமன்வில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது கனேடியன் டயர் மோட்டர்ஸ்போர்ட் பார்க். 1961-இல் மோஸ்போர்ட் என்ற பெயரில் திறந்த மைதானம், பழையவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 1967-இல் கனடாவின் முதல் போர்மூலா வன் பந்தயம் நடந்த இடம். 3.957 கிலோமீற்றர், பத்து வளைவுகள், ஏற்றமும் இறக்கமுமாக அப்படியொரு அழகான பாதை. நீண்ட பின்நேர்ப்பாதையில் முழுவேகத்தில் ஏறிப் போய் எட்டாவது வளைவில் வலது பக்கம் திரும்பும்போது, உடம்பு முழுக்க இடது பக்கம் தள்ளப்படும். ஒயிலும் அப்படித்தான். பொக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பதால், தலைகள் இரண்டும் இடமும் வலமுமாக எஞ்சினின் தாழ்ந்த ஓரங்களில் இருக்கின்றன. நீண்ட வலது வளைவில் ஒயில் இடது தலைக்குள் போய்த் தேங்கும், கீழே இறங்க நேரம் கிடைக்காது. பிரீதர் துவாரம் ஒயிலில் மூழ்கிவிட்டால், மேலே போகும் வாயு ஒயிலையும் அள்ளிக்கொண்டுதான் போகும். நேராக நிற்கும் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்லை.

இரண்டாவது ஓட்டம் முடிந்து வந்தபோது, பின்னால் வந்த சுபாரு எஸ்.டி.ஐ. வண்டியின் ஓட்டுநர் கதவைத் தட்டி, எட்டாவது வளைவு கழிய என் வண்டியிலிருந்து நீலப்புகை வந்தது என்றார். டர்போ ஹோஸைக் கழற்றினேன். இம்முறை விரல் தேவைப்படவில்லை, அடியில் ஒயில் குட்டையாகக் கிடந்தது. டர்போ ஊதிய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் வாயிலும் அப்படியே. எஞ்சின் கணினியில் டி.ஏ.எம். என்று ஒரு எண் உண்டு. எல்லாம் நன்றாக இருந்தால் 1-இல் நிற்கும், எஞ்சின் நொக் பண்ணுவதை (பெற்றோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை) உணர்ந்தால் கணினி அதைக் குறைத்து, இக்னிஷனைப் பின்தள்ளி எஞ்சினைக் காக்கும். அது 1-க்குக் கீழே இறங்கியிருந்தது. ஒயில் கலந்த காற்று பெற்றோலின் ஒக்டேனை, அதாவது நொக்கைத் தாங்கும் வலிமையை, குறைத்துவிடுகிறது. 94 ஒக்டேன் ஊற்றியும் எஞ்சினுக்கு அது மட்டமான பெற்றோல் போலத்தான். நான் அன்றைக்கு மீதி ஓட்டங்களை விட்டுவிட்டு, மெதுவாக வீட்டுக்கு வந்தேன். தண்டவாளம் போல நேராக இருந்த என் முடிவு அந்த எட்டாவது வளைவில்தான் மாறியது.

என்னோடு கதைத்த எஸ்.டி.ஐ. ஓட்டுநருக்குப் பழைய முறை இன்ஜெக்ஷன். வால்வில் கரி என்ற பயமே அவருக்கு இல்லை. ஆனாலும் பெரிய கான் போட்டிருந்தார், ஏனென்றால் அவரும் அதே வளைவில் ஒயிலை விழுங்கியவர். இதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுக்க வெளித்தது. "டைரக்ட் இன்ஜெக்ஷனா, கான் போடு" என்பதும் பிழை, "கொம்பனி போடவில்லை, ஆகவே தேவையில்லை" என்பதும் பிழை. ஒயில் எந்த வழியால், எந்த ஓட்டத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி.

என் ஒயில் பிரீதர் வழியால், ட்ராக்கில் மட்டும் வருகிறது. ஆகவே இரண்டாவது தடவை கான் வாங்கியபோது பி.சி.வி. வழியைத் தொடவே இல்லை. இரண்டு தலைகளின் பிரீதர்களும் ஒரு கானுக்குள் வந்து, அதிலிருந்து டர்போ ஹோஸுக்குப் போகும்படி செய்தோம். தடுப்பும் வலையும் உள்ள, அடியில் வடிக்கும் குழாய் உள்ள கான். ஹோஸ் 19 மில்லிமீற்றர் உள்விட்டம், எங்கேயும் தொங்கித் தண்ணீர் தேங்காதபடி கானை நோக்கிச் சரிவாக. 340 டொலர். கூலன்ட் சூட்டில் இயங்கி, பிரித்த ஒயிலைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஏர்-ஒயில் செப்பரேட்டர் என்ற சாதனத்தையும் யோசித்தேன். வடிக்கும் வேலை இல்லை, உறையவும் உறையாது, தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் என் ஏழு கிலோமீற்றர் ஓட்டத்தில் தண்ணீரும் பெற்றோலும் திரும்பத் திரும்ப ஒயிலுக்குள்ளேயே போவது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணைக்கும் பிடிக்கவில்லை.

கானிலிருந்து வாயுவைத் திரும்ப எஞ்சினுக்கு விடாமல், ஒரு சின்ன வடிகட்டியைப் போட்டு வெளியே விடுபவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் 2019 ஏப்ரலோடு கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைப் பரிசோதனை நின்றுபோனதால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். பரிசோதனை நின்றாலும் சட்டம் நிற்கவில்லை, வீதியில் ஓடும் வண்டியின் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் குலைப்பது குற்றம்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, சிக்னலில் நிற்கும்போது ஹீட்டர் வழியாக அந்த வாயு வண்டிக்குள் வருவது. பின்சீட்டில் என் பிள்ளைகள் இருப்பார்கள். முழுநேரப் பந்தய வண்டிக்குக் கதை வேறு. அங்கே ஒயில் பாதையில் சிந்தாமல் இருப்பதே முதல் கவலை. திறந்த பிரீதர் உள்ள வண்டி 2,000 சி.சி. வரை என்றால் குறைந்தது 2 லீற்றர், அதற்கு மேல் 3 லீற்றர் கொள்ளும் தாங்கி வேண்டும் என்று சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதியே இருக்கிறது. நமது கட்ச் கான்களின் அரை லீற்றர் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுக் கானோடு அடுத்த கோடையில் அதே மைதானத்துக்குப் போனேன். இருபது நிமிட ஓட்டம் ஒன்று முடிந்து வடித்தபோது, தேநீர்க் கரண்டியால் ஐந்தாறு கரண்டி. பால் நிறம் இல்லை, சுத்தமான கறுத்த ஒயில். ட்ராக் சூட்டில் தண்ணீர் தங்காது என்பதால், அங்கே கானில் வருவது அத்தனையும் ஒயில்தான். வெளியே போகும் ஹோஸில் வெள்ளைத் துணியை விட்டுப் பார்த்தேன், இலேசான கறை மட்டும். டி.ஏ.எம். நாள் முழுக்க 1-இல் நின்றது. ஒயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் விடாமல் பார்த்துக்கொண்டதும் உதவியிருக்கும். வளைவில் ஒயில் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் சிலர் கூடுதலாக ஊற்றுவார்கள். அளவுக்கு மேல் போனது பிரீதர் வழியால்தான் வெளியே வரும்.

ஏப்ரல் கடைசியில் கானைப் பூட்டுவேன், ஒக்டோபர் கடைசியில் கழற்றுவேன். அரை மணித்தியால வேலை. வடித்த ஒயிலை ஒரு பழைய கானில் சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை நகரசபையின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கிறேன். குளிர்காலம் முழுக்கக் கொம்பனிக் குழாய்கள்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, பனிக்காலத்தில் கானோடு ஓடும் எந்த வண்டியைப் பார்த்தாலும் சொந்தக்காரரிடம் போய் எப்போது வடித்தீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் மருமகன் ஹியுண்டாய் எலான்ட்ரா N என்ற டர்போ கார் ஒன்று வாங்கினான். புது வண்டி, ஐந்து வருட வாரண்டி, ஓட்டம் எல்லாம் நெடுஞ்சாலையில். வந்ததும் வராததுமாக, "மாமா, கட்ச் கான் எது நல்லது?" என்று கேட்டான். போனில் பத்துப் படம் வைத்திருந்தான், எல்லாம் கறுத்த வால்வுகள். அவனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், எஞ்சினை ஐட்லில் விட்டு, ஒயில் மூடியைத் திறந்து, மளிகைக் கடைப் பற்றுச்சீட்டு ஒன்றை அதன் மேல் வைக்கச் சொன்னேன். பற்றுச்சீட்டு சட்டென்று உள்ளே ஒட்டிக்கொண்டது. ஒரு கொப்பியைக் கொடுத்து, முதல் பக்கத்தில் அன்றைய கிலோமீற்றரையும் ஒயில் மட்டத்தையும் எழுதச் சொன்னேன். 8,000 ஓடிவிட்டு வா, பிறகு பார்ப்போம் என்று அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு 1,900 வரை எழுதியிருக்கிறான். ஒயில் குறையவே இல்லை.